பிள்ளையார் விழுங்கிய தேங்காய்

பெண் பார்க்கப் போகிற பையனின் நெற்றியில் இருக்கும் விபூதியை மட்டும் நம்பாதீர்கள். முக்கால்வாசி அன்று காலையில் வாங்கிய பாக்கெட்டாகத்தான் இருக்கும். (என்னுடையது வாசனை விபூதி.)

செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினத்துக்குச் செல்வியைப் பார்க்கப் போனபோது தரகர் என் காதைக் கடித்திருந்தார்: "பொண்ணோட அப்பாவுக்கு பக்தி ஜாஸ்தி. பாத்து நடந்துக்க." செல்வியின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே நான் பாதி மாப்பிள்ளை. அவளுக்காக முழுச் சாமியாராகவும் தயார்.

அவளுக்குச் சம்மதம். அப்பா மட்டும்தான் பாக்கி. கேசரி முடிந்ததும் அவர் நெற்றி நிறையப் பட்டையோடு எழுந்தார்.

"வாங்க தம்பி, மாபலிபுரம் கோயிலுக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடலாம்."

பரீட்சை! தட்டில் இருந்த தேங்காயை எடுத்துக்கொண்டு அவருடைய பைக்கில் ஏறினேன்.

சிற்பக் கூடங்கள் தொடங்கும் இடத்தில், சாலையோரக் கொட்டகையில் ஆளுயரப் பிள்ளையார். கருகருவென்று மினுமினுப்பு, கழுத்தில் சாமந்தி மாலை.

"நிறுத்துங்க மாமா! பிள்ளையாரத் தாண்டிப் போனா எனக்குத் தூக்கமே வராது!" (அதுவரை எத்தனை பேரைத் தாண்டிப் போய்த் தூங்கினேன் என்பது அந்தப் பிள்ளையாருக்கே வெளிச்சம்.)

குட்டிக்கொண்டேன். தோப்புக்கரணம் போட்டேன். பாதத்தில் நெற்றியை அழுத்தி, மாமா பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் உறுதிசெய்துகொண்டு, உருகினேன். பிறகு தேங்காயை ஓங்கிப் பீடத்தில் அடித்தேன்.

தேங்காய் சிதறவில்லை. 'பொதக்' என்று பீடத்துக்குள் போய்விட்டது. திரும்பி வரவே இல்லை.

கொட்டகைக்குள்ளிருந்து பெயிண்ட் பிரஷ்ஷோடு ஒருவர் ஓடிவந்தார். "யோவ், இன்னாய்யா பண்ற? ஃபைபர்யா அது! ரிசார்ட்டுக்குப் போற பீசு. பெயிண்டு காயட்டும்னு வெச்சிகினு கீறேன், தேங்கா வுடற?"

"மாலை போட்டிருந்துச்சே..."

"போட்டோ புடிச்சி அனுப்பறதுக்குப் போட்டது. பிளாஸ்டிக்கு. போய் உன் மூஞ்சிய கண்ணாடில பாரு!"

பைக் கண்ணாடியில் பார்த்தேன். விபூதி இருந்த இடமெல்லாம் கறுப்பு பெயிண்ட். செல்வி கைநழுவிப் போவது அந்தக் கண்ணாடியிலேயே தெரிந்தது.

மாமா பக்கத்தில் வந்தார். "தம்பி, நெஜமா சொல்லுங்க. கடைசியா எப்ப கோயிலுக்குப் போனீங்க?"

அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது? "எட்டாவது படிக்கும்போது மாமா. செருப்பு தொலஞ்சிடுச்சி. அப்பறம் போகல."

அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். துண்டை எடுத்துத் தன் பட்டையை அழுத்தித் துடைத்தார்.

"அப்பாடா! மாப்ளதான் பெரிய பக்திப்பழம்னு அந்தத் தரகன் எங்கிட்டயும் சொல்லிக்கீறான். காலைல வாசலுக்கே வஞ்சிரம் வந்துது தம்பி. உங்களுக்குப் பயந்து திருப்பி அனுப்பிட்டேன்!"

பெயிண்டரிடம் மன்னிப்புக் கேட்டு, ஓட்டையை அடைக்கும்வரை ஆளுக்கொரு பக்கம் உப்புத்தாள் தேய்த்துக் கொடுத்தோம். கடற்கரையில் வறுத்த மீனை நடுவில் வைத்துக்கொண்டு அன்றைக்கே கல்யாணத்தைப் பேசி முடித்தோம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தாலும் சரி, மேல்மாடிக்குக் குடித்தனம் வந்தாலும் சரி, மாமாவின் முதல் கேள்வி: "கல்லா, ஃபைபரா?"

போன வாரம், "நாளையிலேருந்து விடியக்காலைல எழுந்து வாக்கிங் போகப் போறேன்" என்று அறிவித்தேன். என் மகள் வந்து என் நெற்றியில் விரலால் தட்டினாள்.

"கல்லாப்பா, ஃபைபரா?"

சமையலறையிலிருந்து செல்வியின் குரல் வந்தது. "ஃபைபருதான்டி. ஆட்டிப் பாரு, தேங்கா உள்ள உருளும்."