பிரியாணிப் பாடத்திட்டம்

"அப்பா, வெங்காயம் கருகுது!"

"கருகட்டும். ஏன் கருகுதுன்னு சொல்லு. அதுதான் இன்னைக்கு வேதியியல்" என்றார் அறிவுச்செல்வன்.

பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, பத்தாம் வகுப்புத் தேர்வை வீட்டிலிருந்தே படித்து எழுதுகிறேன் என்று நின்றுவிட்டாள் மகள் இசைப்பிரியா. எதில் ஆர்வம் என்று கேட்டதற்கு, "சமையல்" என்றாள். போதாதா அவருக்கு? பிரியாணியை வைத்தே எல்லாப் பாடத்தையும் நடத்திவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

"பொங்கலுக்குள்ள அவ தேறலைன்னா திருச்சி ஹாஸ்டல்தாங்க" என்று மனைவி அன்புக்கரசி சொல்லிவிட்டாள். மகளைப் பிரிந்து ஒரு நாள்கூட இருக்கமுடியாத மனிதர் அவர்.

உடனே, தான் ஷிஃப்ட் வேலை பார்க்கும் நிலக்கரிச் சுரங்கத்து ஒழுங்கை அடுப்படிக்குக் கொண்டுவந்தார்.

"மைன்ஸ்ல மாதிரிதான். மாத்திவிடுற ஆள், அதான் ரிலீவர், வந்து நிக்காம யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. புரியுதா?"

மகளுக்கு நன்றாகவே புரிந்தது.

"குக்கர்ல அழுத்தம் எப்படி வருதுன்னு புக்குல பார்த்துட்டு வரேன்ப்பா. நீங்க ரிலீவரா நில்லுங்க."

போனவள் போனவள்தான். குக்கரை அவரே இறக்கினார்.

மறுநாள் படிப்புக்கு முதல் ஷிஃப்ட், சமையலுக்கு இரண்டாம் ஷிஃப்ட் என்று பிரித்தார். "எனக்கு முதல் ஷிஃப்ட்ல ஓவர்டைம்ப்பா!" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. கொதிக்கிற குழம்பை விட்டு நகரமுடியாமல், "அன்பு, கொஞ்சம் ரிலீவ் பண்ணேன்!" என்று கூப்பிட்டார்.

"எனக்கு வீக்லி ஆஃபுங்க!" என்றாள் டி.வி. முன்னாலிருந்து.

மார்கழி முடிவதற்குள் அவருடைய பிரியாணிப் படங்கள் ஷிஃப்ட் வாட்ஸ்அப் குழுவில் பேர் வாங்கிவிட்டன. மகள் தேறினாளா என்பதுதான் தெரியவில்லை.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு, அன்புக்கரசி புத்தகத்தை விரித்துக் கேள்வி கேட்டாள். அவர் அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப்பார்த்தார். இயற்பியல், கணக்கு, வரலாறு, எதைக் கேட்டாலும் இசைப்பிரியா பளிச்சென்று பதில் சொன்னாள்.

"எப்படிம்மா?"

"நீங்க அடுப்புகிட்ட நின்னீங்க. எனக்குப் படிக்க நேரம் கிடைச்சுதுப்பா."

"அப்ப ஹாஸ்டல்?"

"கிடையாதுங்க" என்று சிரித்தாள் அன்புக்கரசி.

அறிவுச்செல்வனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னுடைய பாடத்திட்டம் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், மகளுக்குத் தட்டு நிறையப் பிரியாணி போட்டார்.

அந்த நேரம் பார்த்து, அவர் உள்ளே நிற்பது தெரியாமல், பக்கத்து குவார்ட்டர்ஸ் பார்வதி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அன்பு, நீ சொல்லிக்குடுத்த மாதிரியே, சமையல்லதான் ஆர்வம்னு எம் பொண்ணையும் சொல்லவெச்சேன், எங்க வூட்டுக்காரரு இப்ப பூண்டு உரிச்சிக்கினு இருக்காரு!"