சிகாகோ முறைப்படி ஒரு மட்டன் பிரியாணி

நேத்து ஆபீஸ்ல எனக்கு ஒரே ஒரு வேலை. சிகாகோவுல இருந்து வந்திருக்கிற நான்சி மேடத்தை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்.

சும்மா சாப்பாடுன்னு நெனைக்காதீங்க. எங்க டீம்ல ஒருத்தரை ஒரு வருஷம் சிகாகோவுக்கு அனுப்பப் போறாங்க. ஒண்ணு நான், இல்லேன்னா பக்கத்து சீட்டு ஸ்ரீகாந்த். யாருன்னு முடிவு பண்றது அந்தம்மாதான்.

ஸ்ரீகாந்த் ஒரு வெவரங்கெட்டவன். அந்தம்மா வந்த அன்னைக்கே "மேடம், உங்க சம்பளம் எவ்ளோ?"ன்னு கேட்டவன்! அதனால எனக்குத்தான்னு என் வீட்டுக்காரி சுமதி முடிவே பண்ணிட்டா. ஸ்வெட்டர் வாங்கியாச்சு. அவ தங்கச்சிக்கும் சொல்லியாச்சு. இனி பின்வாங்க முடியாது.

நானும் லேசுப்பட்ட ஆளில்ல. சிகாகோ போறவங்களுக்கான வழிகாட்டி ஒண்ணை நெட்ல புடிச்சு மனப்பாடம் பண்ணிட்டேன். ஓட்டல்ல நாமளா போய் உக்காரக் கூடாது. சர்வரைக் கத்திக் கூப்பிடக் கூடாது, கண்ணைப் பாத்தாலே வந்துடுவாராம். சொந்த விஷயம் பேசவே கூடாது. டிப்ஸ் தாராளமா வைக்கணும்.

எங்க ஹைதராபாத் கொண்டாப்பூர்ல ஒரு பிரியாணி ஓட்டல். வெள்ளிக்கிழமைக் கூட்டம். யாராவது வந்து உள்ள கூட்டிட்டுப் போவாங்கன்னு வாசல்லயே நின்னேன்.

மூணு குடும்பம் எங்களைத் தாண்டி உள்ள போயிடுச்சு. தட்டோட வந்த சர்வர், "சார், ஜரகண்டி ஜரகண்டி!"ன்னு என்னை ஓரங்கட்டினார். திருப்பதிக்கு அப்புறம் அந்த வார்த்தையை அங்கதான் கேக்குறேன்.

திரும்பிப் பாத்தா நான்சியைக் காணோம்!

உள்ள ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருக்கு. அவங்க நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு, பின்னாடி ஜம்முனு நிக்கிறாங்க நான்சி. "இவங்க எந்திரிக்கப் போறாங்க, சீக்கிரம் வாங்க!"

"இதெல்லாம் எப்படித் தெரியும் மேடம்?"

"ஹைதராபாத் வழிகாட்டி படிச்சேனே!"



உக்காந்ததும் சர்வரோட கண்ணைப் பாத்தேன். அவரும் பாத்தார். தெரிஞ்ச ஆள்னு நெனைச்சு சிரிச்சுட்டுப் போயிட்டார். நான்சி கையைத் தூக்கி, "அண்ணா! ரெண்டு மட்டன் பிரியாணி!"ன்னாங்க. மனுஷன் ஓடி வந்தார்.

அந்தம்மா கையால பெசஞ்சு சாப்பிடுறாங்க. நான் முள்கரண்டியும் கத்தியுமா மல்லுக்கட்டுறேன். ஒரு எலும்பு எகிறி பக்கத்து டேபிள் பாய் தட்டுல போய் விழுந்துச்சு.

"நக்கோ மியா, நக்கோ! பேட் பர் கயா!" வேணாமாம், அவருக்கு வயிறு ரொம்பிடுச்சாம்.

நான்சி ஆரம்பிச்சாங்க. "சொந்த வீடா, வாடகையா?"

"அது சொந்த விஷயம் மேடம்."

என் போன்ல இருந்த பொண்ணு போட்டோவைப் பாத்தாங்க. "ஒரு பொண்ணுதானா? அடுத்தது எப்போ?"

"அதுவும் சொந்த விஷயம்தான் மேடம்."

அந்தம்மா முகம் சுருங்கிப் போச்சு. நான் விடல. சோம்புத் தட்டுல டிப்ஸை அள்ளி வெச்சுட்டு வெளிய வந்தேன். சர்வர் பார்க்கிங் வரைக்கும் துரத்திட்டு வந்து, "சார், டப்புலு மர்ச்சிபோயாரு!"ன்னு, நான் மறந்துட்டேன்னு நெனைச்சு அத்தனையும் கையில திணிச்சுட்டுப் போனார்.

கார்ல நான்சி சொன்னாங்க, "நீங்க அசல் சிகாகோக்காரர் மாதிரியே இருக்கீங்க."

எனக்குத் தலைகால் புரியல!

"அந்த மாதிரி ஆளுங்க அங்க ஏற்கெனவே நிறைய இருக்காங்க. யாரும் யார்கூடவும் பேசுறதில்ல. ஸ்ரீகாந்த் வந்தா கொஞ்சம் கலகலப்பா இருக்கும்."

அழுகையே வந்துடுச்சுங்க.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சுமதி திட்டக்கூட இல்ல. "அப்போ அந்த ஸ்வெட்டர்?"னு மட்டும் கேட்டா.

இப்போ ஏசியைப் பதினாறுல வெச்சு, அதைப் போட்டுக்கிட்டுத்தான் இதை எழுதிட்டிருக்கேன்.