வியாழக்கிழமைத் துடைப்பம்

வீட்டில் துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்று மைரன் பொடோல்ஸ்கிக்குத் தெரியாது. ஆனால் அதை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது என்று டன்ரோஸ் ஊருக்கே வகுப்பெடுப்பான்.

எல்லாம் கர்லிங் செய்கிற வேலை. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், வெளியே மூக்கு உறைகிற குளிரில், ஒரு கொட்டகைக்குள் பணம் செலவழித்து இன்னும் கொஞ்சம் பனியை உறைய வைத்து, அதன்மேல் கருங்கல்லை வழுக்கி விடுகிற விளையாட்டு. கல் போகிற வழியை இரண்டு பேர் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்க்கத் தேய்க்கக் கல் தூரம் போகும். அணித்தலைவன் மட்டும் தேய்க்க வேண்டாம். எதிர்க்கோடியில் நின்று "அழுத்து, அழுத்து" என்று கத்தினால் போதும். மைரன் முப்பது வருடமாக அணித்தலைவன்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணி. வாரத்தில் அந்த ஒரு பொழுதுதான் மைரன் சொன்னபடி யாராவது நடப்பார்கள். டிராக்டர் உதிரிபாகக் கடையில் அவனுக்கு மகன் வயதில் முதலாளி. வீட்டில் நாய்கூட அவன் கூப்பிட்டால் மனைவி ஆர்லீன் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டுதான் வரும். ஆகவே வியாழக்கிழமை அவனுக்கு விளையாட்டு அல்ல, பட்டாபிஷேகம்.

பட்டாபிஷேகம் நடக்கும்போது ஆர்லீனும் மற்ற மனைவிமாரும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், கிளப் சமையலறையில் வெந்துகொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் பெண்களுக்கும் அணி இருந்தது. ஆடி அலுத்து வரும் ஆண்களுக்குப் பெரோகி அவித்துப்போட ஆள் இல்லை என்று செயற்குழு கூடி, மிகுந்த வருத்தத்தோடு அதைக் கலைத்துவிட்டது. பெரோகி என்பது உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை. கொழுக்கட்டைக்காக ஒரு அணியைப் பலி கொடுத்த ஊர் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மார்ச் மாதம், பனியை உறைய வைக்கிற கம்ப்ரஸர் பெருமூச்சு ஒன்றை விட்டுச் செத்துப்போனது. கிளப் கூட்டத்தில் ஆண்கள் வரிசையாக எழுந்து அதன் அருமை பெருமைகளைப் பேசினார்கள். பையில் கைவிட மட்டும் யாரும் எழவில்லை. புதியது வாங்காவிட்டால் அடுத்த குளிர்காலத்துக்கு வியாழக்கிழமையே கிடையாது. அப்போதுதான் மைரன் எழுந்தான்.

"மாகாணத்துல சிறு மானியம் கொடுக்கறான். பணம் சும்மா கிடக்குது. கேக்கறவனுக்குக் கேக்கத் தெரியணும், அவ்வளவுதான். எங்கிட்ட விடுங்க."

"உனக்கு எழுத வருமாடா?" என்று கேட்டான் க்ளிஃப். மைரன் அணியில் தேய்க்கிறவன் அவன்.

"எழுத ஆர்லீன் இருக்கா. மூளை என்னுது."

மூளை மறுநாள் மத்தியானம் சமையலறை மேசைக்கு வந்து உட்கார்ந்து, காபி கேட்டது. ஆர்லீன் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டாள். மைரன் ஒற்றை விரலால் தட்டுகிறவன். அவன் விரலை நம்பியிருந்தால் விண்ணப்பம் முடிவதற்குள் வெயில் காலம் வந்து போயிருக்கும்.

மானியம் கொடுக்கிறவர்கள் சும்மா கொடுப்பதில்லை. இயந்திரம் வேண்டும் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சமூகம் ஒன்றுகூட வேண்டும், ஒதுங்கி இருப்பவர்கள் உள்ளே வர வேண்டும், அதற்கு இயந்திரம் தடையாக இருக்கிறது என்று கண்ணைக் கசக்கினால் உருகிவிடுவார்கள். இதுவரை ஆடாதவர்களைக் கொண்டுவந்தால் கூடுதல் மார்க். பெண்கள் என்றால் இன்னும் கூடுதல்.

"பெண்களுக்கான தொடக்கநிலை வகுப்புன்னு போடு" என்றான் மைரன், காபியை உறிஞ்சியபடி.

"எந்தப் பெண்கள்?"

"உன் பேரைப் போடு. 'விளையாட்டு வாசனையே இல்லாத இல்லத்தரசி'ன்னு சேர்த்துக்கோ. பாவமா இருக்கும்."

ஆர்லீன் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துக்கு வாங்கிய கோப்பை அவன் தலைக்கு மேல் அலமாரியில்தான் இருந்தது. அதற்குள் அவன் திருகாணி போட்டு வைத்திருந்தான். அவள் அவன் சொன்னதை அப்படியே தட்டினாள்.

"என்னைக்கு நடக்கும்னு கேக்கறாங்க மைரன். மத்தியானம் ரெண்டு மணின்னு போடவா?"

"மத்தியானம்னா யாருக்கும் வேண்டாத நேரம். எவன் மார்க் போடுவான்? நல்ல நேரமா கொடுக்கணும்."

"எது நல்ல நேரம்?" என்றாள் ஆர்லீன். கண் திரையில் இருந்தது. குரலில் பால்மணம் மாறாத அப்பாவித்தனம்.

மைரன் கூரையைப் பார்த்து யோசித்தான். அவனுக்குத் தெரிந்த நல்ல நேரம் உலகத்தில் ஒன்றுதான். "வியாழக்கிழமை ஏழு மணி."

"அது உங்க நேரமாச்சே."

"எழுதறதுதானே? தட்டு. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

அடுத்தது, கிளப் தன் பங்குக்கு என்ன போடும் என்ற கேள்வி. கிளப்பில் பணம் கிடையாது. ஆனால் சம்பளமில்லாத உழைப்பையும் பங்காகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம். இதைப் படித்ததும் மைரன் நாற்காலியில் நிமிர்ந்தான். சமையல், பரிமாறல், தரை துடைத்தல், பாத்திரம், எல்லாவற்றையும் தாராளமாக அடுக்கச் சொன்னான்.

"அப்ப இதுக்கும் என் பேரா?" என்று கேட்டாள் ஆர்லீன்.

"உன்னை ஆடறதுக்குப் போட்டாச்சே. ஒரே ஆள் உள்ளேயும் வெளியேயும் எப்படி இருக்க முடியும்? கொஞ்சம் யோசிச்சுக் கேளு."

"சரிதான். எனக்கு எங்க இதெல்லாம் தோணுது. யார் பேரைப் போட?"

"என் பேரைத்தான் போடு. க்ளிஃப் பேரையும் சேர்த்துக்கோ, பாத்திரத்துக்கு."

"திட்டப் பொறுப்பாளர்னு ஒண்ணு இருக்கு. பொம்பளை வகுப்புன்னா பொம்பளைதான் இருக்கணுமோ என்னவோ..."

"பொறுப்புன்னா நான்தான்" என்று மைரன் சட்டென்று சொல்லி, பேனாவைப் பிடுங்கி, அவள் அச்செடுத்த தாளில் கையெழுத்துப் போட்டான். எலி, பொறிக்குள் இருக்கிற மசால்வடையைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்து மீசையை முறுக்கியது.

மானியம் கிடைத்தது. மைரனுக்குப் பெருமை பிடிபடவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. புதிய கம்ப்ரஸர் மேல் கை வைத்து, அதைத் தானே பெற்றவன் போல நின்றான். மாகாணத் தலைநகர் ரெஜைனாவில் இருந்து புஷார் என்ற அதிகாரி போனில் வாழ்த்துச் சொன்னாள். பணத்தின் கடைசிப் பகுதி அடுத்த மார்ச் மாதம்தான் வரும், அதுவரை சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்போம் என்றும் சொன்னாள். அந்தக் கடைசிப் பகுதி வராவிட்டால் தன் பையில் இருந்து தருவதாக, கம்ப்ரஸர் விற்றவனுக்கு மைரன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். மைரன் கவலைப்படவில்லை. கொட்டுகிற பனியில் எந்த மடச்சி நாலு மணி நேரம் வண்டி ஓட்டி டன்ரோஸுக்கு வருவாள்?

அக்டோபரில் பெண்கள் எல்லோரும் செவ்வாய்க்கிழமை தோறும் பக்கத்து ஊர்த் தேவாலயத்துக்குப் போர்வை தைக்கப் போனார்கள். மாதம் முழுக்கத் தைத்தும் ஒருத்தி வீட்டுக்கும் ஒரு கைக்குட்டை அகலத் துணிகூட வந்து சேரவில்லை. எந்தப் புருஷனும் ஏன் என்று கேட்கவும் இல்லை. இரவுச் சாப்பாடு அடுப்பில் சூடாக இருந்தால், மனைவி நிலவுக்குப் போய் வந்தாலும் அவர்களுக்குச் சம்மதம்தான்.

நவம்பர் முதல் வியாழன். மைரன் புதுக் கையுறையோடு, அணி பின்தொடர, கிளப்புக்குள் நுழைந்தான். பெரோகி வாசனை வரவில்லை. சமையலறை இருட்டாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மட்டும் வெளிச்சம். அங்கே பனித்தளத்தில் பெண்கள் கல்லை வழுக்கி விட்டுக்கொண்டிருந்தார்கள். க்ளிஃப்பின் மனைவி ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, அன்னம் மாதிரி மிதந்து போனாள். க்ளிஃப் வாயைப் பிளந்தான். வீட்டில் அவள் முட்டிவலி என்று மாடிப்படி ஏறுவதில்லை.

மைரன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"ஆர்லீன், என்ன இதெல்லாம்? இது எங்க நேரம்."

"வியாழக்கிழமை ஏழு மணி, பெண்கள் தொடக்கநிலை" என்றாள் அவள், கல்லைத் துணியால் துடைத்தபடி. "நீ சொன்னதைத்தானே தட்டினேன். ஒரு எழுத்து கூட்டலை, ஒரு எழுத்து குறைக்கலை."

"அது மார்க்குக்காகச் சொன்னது. உனக்கே தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? விளையாட்டு வாசனையே இல்லாத இல்லத்தரசி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மைரன் குரலைத் தாழ்த்தினான். ஆள் பார்க்கிற இடத்தில் வேண்டாம், வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றான். வேண்டுமானால் மாதத்துக்கு ஒரு நாள் விட்டுக்கொடுப்பதாகச் சொன்னான். அவளுக்கு மாவு பிசைகிற புது மிக்ஸர் வாங்கித் தருவதாகக்கூடச் சொல்லிப் பார்த்தான். மிக்ஸர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் முகத்தில் இருந்த மிச்சம் மீதி இரக்கமும் உறைந்துபோனது.

"அதிகாரி என்னைக்காவது ஒரு நாள் வருவா. அன்னைக்கு மட்டும் நீங்க ஆடுங்க. மத்த நாள் யாருக்குத் தெரியப் போகுது?"

"அன்னைக்குன்னா இன்னைக்கா?" என்றாள் ஆர்லீன்.

வாசல் கதவு திறந்தது. முழங்கால்வரை பனி அப்பிய பூட்ஸோடு ஒரு பெண் உள்ளே வந்து, கால்களைத் தட்டிக்கொண்டு, புஷார் என்று அறிமுகம் செய்துகொண்டாள்.

"நான்தான் போன் போட்டேன்" என்றாள் ஆர்லீன் மெதுவாக. "திட்டப் பொறுப்பாளர் தன் கையாலே பெரோகி செய்யறாரு, வந்து சாப்பிடுங்கன்னு."

புஷார் மைரனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நீங்கதான் மிஸ்டர் பொடோல்ஸ்கியா? எல்லா ஊர்லயும் பெண்களுக்கு மத்தியானம் ரெண்டு மணியைத்தான் ஒதுக்கறாங்க. தன்னோட நேரத்தையே கொடுத்துட்டு சமையலறைக்குப் போறேன்னு எழுதின ஆளை நான் பாத்ததே இல்லை. மாவு பிசைஞ்சாச்சா?"

மைரன் தன் அணியைத் திரும்பிப் பார்த்தான். அணி கூரையைப் பார்த்தது. க்ளிஃப் மட்டும் ஏற்கெனவே தொட்டி பக்கம் நகர்ந்திருந்தான். பாத்திரத்துக்குத் தன் பெயரும் இருப்பதைப் புஷார் கையில் இருந்த விண்ணப்பத்தில் அப்போதுதான் பார்த்திருந்தான். அவன் மைரனைப் பார்த்த பார்வையில் முப்பது வருட நட்பு கரியாகிப்போனது.

அன்று மைரன் செய்த பெரோகி கொதிக்கிற தண்ணீரில் வாயைத் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் கக்கிவிட்டது. உருளைக்கிழங்குக் கஞ்சியில் மாவுத்தோல் மிதந்தது. புஷார் அதைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டாள். மானியம் கொடுக்கிறவர்களுக்கு எதையும் விழுங்கப் பயிற்சி உண்டு. கிளம்பும்போது, இப்படி ஒரு ஆணை மாகாணம் முழுக்கப் பார்க்க வேண்டும், இனி வேறு ஊர்க் கிளப்புக்காரர்களையும் வியாழக்கிழமைகளில் அழைத்து வருவேன் என்றாள். மைரன் பல்லைக் காட்டினான். வேறு எதைக் காட்டினாலும் கம்ப்ரஸர்காரன் வந்து நிற்பான்.

ஆண்கள் அணிக்கு மிச்சம் இருந்தது ஞாயிறு விடிகாலைதான். இரண்டு வாரம் வந்தார்கள். கொட்டாவியோடு தேய்த்தால் கல் போகாது என்று கண்டுபிடித்து நின்றுவிட்டார்கள்.

டிசம்பரில் மைரனின் பெரோகி வாயை மூடக் கற்றுக்கொண்டது. மைரனும்தான். ஒரு வியாழக்கிழமை, பரிமாறி முடித்து, துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்காமலே எடுத்துத் தரையைப் பெருக்கிவிட்டு, ஈரத்துணி போட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆர்லீன் எதிர்க்கோடியில் நின்றாள். கல் கிளம்பியது. முன்னால் இருவர் ஓடினார்கள்.

"அழுத்து" என்று கத்தினாள் ஆர்லீன். "இன்னும் அழுத்து."

அவள் சொன்னது தன் அணியிடம் என்று மைரனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் குனிந்து, இன்னும் அழுத்தித் துடைத்தான்.