கதிர் பட்ட உப்பும் அண்ணியின் வளைகாப்பும்

படிப்பு ஏறிய புதிதில் வீட்டாரிடம் கொஞ்சம் படம் காட்டாதவர்கள் குறைவு. நான் காட்டிய படத்துக்கு ராகலையிலிருந்து வேன் பிடித்து வந்த சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் சாட்சி.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் இறுதி ஆண்டு. எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளியின் உடலில் எவ்வளவு கதிர் விழுகிறது என்று அளக்க விலை கூடிய சில்லுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பதிலாகச் சாதாரண உப்பைப் பயன்படுத்த முடியுமா என்பதுதான் என் ஆய்வு. தன்மேல் படும் கதிரின் சக்தியில் கொஞ்சத்தை உப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆய்வுகூடத்தில் சூடாக்கினால் அதை மங்கிய வெளிச்சமாக வெளியே விடும். அந்த வெளிச்சத்தை அளந்தால் விழுந்த கதிரின் அளவு தெரிந்துவிடும்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் சேர் ஒருவர் இரக்கப்பட்டு என் உப்புக்குக் கதிர் கொடுத்தார். வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளில் பொட்டலம் கட்டியிருந்தேன். தேவை ஒரு சிட்டிகைதான். ஆராய்ச்சி கனமாகத் தெரியட்டுமே என்று பொட்டலத்துக்கு ஒரு பிடி போட்டிருந்தேன். அதோடு விட்டேனா? ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் தாள் ஒட்டி, கதிர்வீச்சு அபாயச் சின்னத்தை வரைந்தேன். (யாரும் வரையச் சொல்லவில்லை. பார்க்க எடுப்பாக இருந்தது.)

மறுநாள் தலவாக்கலையில் எங்கள் வீட்டில் அண்ணிக்கு வளைகாப்பு. பனியில் உப்பு கசிந்துவிடும் என்று, வீட்டிலேயே காய்ந்த இடமான அடுப்படி அலமாரியில் பொட்டலங்களை வைத்துவிட்டுப் பூக்கட்டப் போய்விட்டேன்.

பந்தி பாதி நடக்கும்போது, தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போன அண்ணியின் அம்மா கையில் கறுப்புத் தாளோடு வந்தார்.

"என்னாங்க இது? எக்ஸ்ரே ரூம் கதவுல இருக்கிற படமுல்ல இது? கர்ப்பிணிங்க உள்ள வராதீங்கன்னு பக்கத்துலயே எழுதியிருப்பாங்களே!"

"அதுவா? உப்பு முடிஞ்சிருச்சு. சுபா பொட்டலமா கட்டி வச்சிருந்துச்சு, எல்லாத்தையும் கொட்டித்தான் எலுமிச்சஞ்சோறு கிளறுனேன்" என்றார் என் அம்மா, வெகு சாதாரணமாக.

"ஐயோ, என் எக்ஸ்ரே உப்பு!" என்று அலறினேன்.

நான் அலறியது ஆய்வுக்காக. வீடு அலறியது பிள்ளைக்காக. வாயில் வைத்த கைகள் அப்படியே நின்றன. சித்தப்பா ஒருவர் வாய் கொப்பளிக்க வெளியே ஓடினார்.

"எம் புள்ள ரெண்டு தடவ வாங்கித் தின்னுச்சே!" என்று அண்ணியின் அம்மா தலையில் கை வைத்தார்.

"பயப்படாதீங்க அத்தை. உப்பு கதிரை உள்ளுக்குள்ள பிடிச்சு வச்சுக்கும், அவ்வளவுதான். சூடு பட்டாத்தான் வெளிச்சமா வெளிய வரும்."

(இதைவிட மோசமான ஆறுதலை இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.)

"வயித்துக்குள்ள சூடுதானடி!" என்று அவர் கத்த, அண்ணன் வேன்காரரைத் தேடி ஓடினான்.

"ஒன்னும் செய்யாதுன்னா, நீ தின்னு பாப்போம்" என்று ஒரு தட்டு நிறையச் சோறு என் முன்னால் வந்தது. கதிர் பட்ட உப்பு தானாகக் கதிர் வீசாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். ஆனால் தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

"பாருங்க, அவளே வாயில வைக்க மாட்டேங்கிறா!" என்றார் அத்தை.

அண்ணிதான், முகம் வெளுத்துப்போய், வளையல் குலுங்க எழுந்து வந்தார். "சுபா, அந்தச் சேருக்கு கோல் எடு. நான் கேக்குறேன்."

எடுத்தேன். எல்லாரும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டோம். அண்ணி சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஏதோ இருமல் சத்தம் கேட்டது. (வாயைப் பொத்திச் சிரித்தாராம். பிறகு சொன்னார்.)

"தங்கச்சி, தினமும் எத்தன பேருக்கு எக்ஸ்ரே எடுக்கிறேன். எடுத்து முடிஞ்சதும் அவங்க வீட்டுக்குப் போயி புள்ளைங்கள தூக்கி வச்சுக்கிறாங்கதானே? அவங்க மேலேர்ந்து கதிர் வராது. அந்த போர்டு மெஷின் ஓடுற நேரத்துக்கு மட்டுந்தான். நீங்க சாப்பிட்டது வெறும் உப்பு. புள்ளைக்கு ஒன்னும் ஆகாது."

அண்ணி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். பிறகு, "அப்ப நான் தயிர்சோறு சாப்பிடலாமா சேர்?" என்றார்.

"அது கடை உப்பா, உங்க நாத்தனார் உப்பா?"

வீடு மொத்தமும் வெடித்துச் சிரித்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பாகூட வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆனாலும் என் தட்டைக் காலி செய்யாமல் அத்தை என்னை எழவிடவில்லை. அம்மா எல்லாப் பொட்டலங்களையும் கொட்டியிருந்தார் என்பதை ஒவ்வொரு வாயிலும் உணர்ந்தேன்.

அடுத்த வாரம் புது உப்போடு போய் நின்றபோது, சேர் பொட்டலங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படம் ஒன்னும் வரையலையா?" என்று கேட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. கைவிரல், கால்விரல் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். இப்போது அவள் பாலர் பாடசாலைக்குப் போகிறாள். கரண்ட் போனால் அண்ணன் மெழுகுதிரி தேடுவதில்லை. "பாப்பாவ வரச் சொல்லுங்க" என்று குரல் கொடுக்கிறான். அவளும், எதற்கென்று தெரியாமலேயே ஓடிவந்து, இருட்டில் எங்கள் நடுவில் நின்று வாயை ஆவென்று திறக்கிறாள்.