மேலிடம் வந்துவிட்டது

இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் கையும் களவுமாகப் பிடிபடுவதில்லை என்று நெட்வொர்க்காரர் சபதம் எடுத்தார்.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். மற்றவர்களுக்கெல்லாம் ஞாயிறு ஓய்வு என்பதால் அன்றுதான் ஸ்டியரிங் பிடிக்க வருவார்கள். "வீட்டைப் பெருக்கித் துடைச்சு, துணியை மடிச்சு வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் கிளம்புவார். "ஆகட்டும்மா" என்பார் நெட்வொர்க்காரர். கதவு சாத்தியதும் டிவியைப் போட்டுவிட்டு சோபாவில் சாய்வார். சாய்ந்தால் அவ்வளவுதான், குறட்டை வீதி வரை போகும்.

டீச்சர் திரும்பி வரும் நேரத்துக்குத்தான் ஒரு ஒழுங்கு கிடையாது. கற்றுக்கொள்ள வருகிறவர் வராவிட்டால் போன காலோடு திரும்பிவிடுவார். நெட்வொர்க்காரர் கண் விழிக்கும்போது தலைமாட்டில் நிற்பார். திட்டவே மாட்டார். சும்மா பார்ப்பார். அதற்குத் திட்டே தேவலாம்.

ஆபீசில் அவருக்குக் கண்காணிப்புதான் வேலை. எந்தக் கருவி நெட்வொர்க்குக்குள் வந்தது, எது போனது என்று ஒரு மென்பொருள் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டே சம்பளம் வாங்குகிறார். கட்டடம் முழுக்க நடப்பதைக் கண்டுபிடிக்கிற மனிதனுக்குக் கட்டிய மனைவி வருவது தெரியவில்லை என்றால் கேவலமில்லையா? ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, லினக்ஸும் அதே மென்பொருளும் போட்டு, செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தார்.

"என்னங்க இது, செருப்புக்குக் காவலா?"

"பாதுகாப்புக்கும்மா. நம்ம வைஃபைக்குள்ள வெளியாள் யாராவது நுழைஞ்சா மணி அடிக்கும்."

"உள்ளாள் நுழைஞ்சா?"

"அது... அதுக்கும் அடிக்கும். உன் போனைக் கொஞ்சம் குடு, பேர் வைக்கணும். அந்தப் பேர்தான் திரையில வரும்."

போனுக்கு 'மேலிடம்' என்று பெயர் வைத்தார். அடுத்த ஞாயிறு டீச்சர் கீழே கேட்டைத் திறந்ததும் மேலே மணி அடித்தது. 'மேலிடம் வந்துவிட்டது' என்றது திரை. டிவியை அணைத்தார். நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொண்டார். மாடிப்படி ஏறி வருவதற்குள் கையில் மாப்போடு நின்றார்.

"ஐயோ பாவம், இப்படி வேர்த்திருக்கே" என்றார் டீச்சர்.

நெட்வொர்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இப்படியே சில வாரம் சுகமாக ஓடியது.

அப்புறம்தான் கோளாறு ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு மணி அடித்தது, துள்ளி எழுந்து மாப்பைப் பிடித்தார், ஆளைக் காணோம். இதோ வந்துவிடுவார் என்று ஹாலைத் துடைத்தார். வரவில்லை. உட்காரவும் பயம். படுக்கையறையைத் துடைத்தார், துணியை மடித்தார், அடுப்பு மேடையைத் தேய்த்தார். எல்லாம் முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது டீச்சர் சாவகாசமாக உள்ளே வந்தார்.

"அடேயப்பா, வீடே மின்னுதே."

ஆள் வராமலே மணி அடித்தால் அவர் தொழிலில் அது மானப் பிரச்சினை. லினக்ஸ்மேல் சந்தேகப்பட்டுப் பதிவுகளைத் துருவினார். போன் வந்தது உண்மை என்று அது சாதித்தது. மென்பொருளைத் தன் விண்டோஸ் லேப்டாப்பிலும் போட்டார். அங்கே ஃபயர்வால் வழிமறித்தது. அதைத் தாஜா செய்து வழி வாங்கினார். மறு ஞாயிறும் அதே கதை, ஜன்னல் கம்பி சுத்தமானது. ஹாஸ்டலுக்குப் போன மகள் விட்டுச்சென்ற மேக் கம்ப்யூட்டரிலும் போட்டார். 'வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி உண்டா' என்று அது கேட்டது. கொடுத்தார். அடுத்த ஞாயிறு மூன்றும் சேர்ந்து மணி அடித்தன. ஆளைத்தான் காணோம். அன்றைக்கு ஃபேன் இறக்கை, பரண், ஃப்ரிட்ஜின் தலை எல்லாம் பளபளத்தன. துடைக்காமல் பாக்கி இருந்தது மாடிப்படி ஒன்றுதான்.

சாப்பிடும்போது மெல்லக் கேட்டார். "உன் போன்ல ஏதாவது கோளாறாம்மா?"

"ஏங்க?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டேன்னு காட்டுது."

"மெஷின்ல கோளாறா இருக்கும்."

"மூணு மெஷின்லயும் பாத்தாச்சு. மூணும் ஒரே மாதிரிதான் சொல்லுது."

"மூணு பேரு ஒரே மாதிரி சொன்னாலும் நீங்க நம்ப மாட்டீங்களா?" என்று குழம்பை ஊற்றினார் டீச்சர்.

அடுத்த ஞாயிறு மணி அடித்ததும் அவர் மாப்பைத் தொடவில்லை. கேட் பக்கம் சிக்னலைச் சோதித்துப் பார்க்கலாம் என்று கீழே இறங்கினார். கீழ்வீட்டுத் தையல்கார அக்காவின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஸ்டூலில் காலை நீட்டி, டீ குடித்தபடி டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நேரமா இங்க இருக்கே?"

"இப்பத்தாங்க. மணி அடிச்சுதா?"

தையல்கார அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு மேல வாளி இழுக்கிற சத்தம் கேக்கலையேன்னு இப்பத்தான் பேசிக்கிட்டிருந்தோம்."

நெட்வொர்க்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார். "எப்படிக் கண்டுபிடிச்சே?"

"நான் கேட்டைத் திறந்தா மேல டிவி சத்தம் நிக்கும். எல்லா வாரமும் நின்னுச்சு. ஒரு நாள் போன்ல வைஃபையை அணைச்சிட்டு கேட்டுக்குள்ள வந்தேன், நிக்கல. அக்கா வீட்டுல உக்காந்து ஆன் பண்ணினேன், நின்னுச்சு. அதுலேருந்து டீ வந்ததும் ஆன் பண்றேன், குடிச்சு முடிக்கறதுக்குள்ள வீடு சுத்தமாயிடுது." ஒரு மடக்குக் குடித்தார். "கண்ணாடியில பின்னாடி வர்றவனை நீங்க பாத்தா, அவனும் உங்களைப் பாப்பான். இதை நான் முதல் நாளே சொல்லிக் குடுத்துடுவேன்."

ஒன்றை அணைத்துப் பார்ப்பது, மறுபடி போட்டுப் பார்ப்பது. கோளாறு கண்டுபிடிப்பதென்றால் அதுதான் முறை. மூன்று கம்ப்யூட்டரைக் கட்டி மாரடித்த தனக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, நம்ம வீட்டு ஆளாயிற்றே.

"எல்லாத்தையும் எடுத்துடறேன்" என்றார் ரோஷமாக.

"தாராளமா எடுங்க. அப்புறம் நான் எப்ப வருவேன்னு உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

யோசித்தார். மணி இல்லாவிட்டால் காலை முழுக்க மாப்பும் கையுமாக நிற்க வேண்டும். மணி இருந்தால் டீ வரும் வரையாவது தூங்கலாம்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்."

"நல்லது. அந்த மேலிடம்கிற பேரை எங்கங்க மாத்தறது?"

தொழிலில் யாராவது சந்தேகம் கேட்டால் அவரால் சொல்லாமல் இருக்க முடியாது. போனை வாங்கிப் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு எந்த மனக்கவலையும் இல்லாமல் அடித்துப்போட்டது போலத் தூங்கினார். மணி அடித்தது. ஒற்றைக் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார்.

'மாடிப்படி வந்துவிட்டது.'