மேசையில் வைத்த திருத்தம்

எழுத்தில் வராத எதையும் நம்பாத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் நெய்வேலியில், நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டருக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். மழை கொட்டும்போதுகூட, வானிலை அறிக்கை வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் குடையை விரிப்பார். எல்லோருக்கும் அவர் ‘பார்லிமெண்ட்’. சொந்தப் பெயர் மனைவி ஆரோக்கியமேரிக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

அவருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை அள்ளிப்போடும் கான்ட்ராக்ட் வேலை. அறுபது வயதுக்குள் ஒரே ஒரு நாளாவது பெர்மனென்ட் ஆகிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. டச் போன் எல்லார் கைக்கும் வந்திராத, இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கம் அது. நாடாளுமன்றம் கூடிவிட்டால் ஷிப்ட் முடிந்து நேராக என்னிடம் வந்துவிடுவார்.

“ஏம்மா, மந்திரிங்க இன்னிக்கு எழுத்துல ஏதாச்சும் வெச்சிருக்காங்களா?”

சபை மேசையில் மந்திரிகள் வைக்கும் எழுத்துமூல அறிக்கைகளை பிரிண்ட் எடுத்துத் தரவேண்டும். கொள்கை, நியமனம் எதையும் விடமாட்டார். காபி வாரியத்துக்குத் தலைவர் போட்டால்கூட அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இங்கிலீஷ் வராது. நான் தமிழில் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்துகொண்டு டீக்கடைக்குப் போவார். வடைத் தட்டை நகர்த்தி, மேசையில் தாளை வைத்த பிறகுதான் பேச்சு.

“சபை நடக்குதுங்க. டீய உறிஞ்சாதீங்க.”

கான்ட்ராக்ட் ஆட்களைப் பற்றிய பதில் எப்போதும் ஒன்றுதான்: பரிசீலனையில் உள்ளது. “பரிசீலனைன்னா இல்லன்னு அர்த்தம் கெடையாதுங்க” என்று எல்லோருக்கும் தெம்பு சொல்வார்.

வீட்டிலும் இதே நடைமுறைதான். கூரை ஒழுகுகிறதென்று ஆரோக்கியமேரி கத்தியபோது, ‘ஒழுகல் கவனத்துக்கு வந்துள்ளது, நடவடிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதி அடுப்பங்கரையில் வைத்துவிட்டார். அந்தம்மா தாளோடு என்னிடம் வந்து நின்றார்.

“நீதான இதெல்லாம் படிச்சிக் காட்டுற? எனக்கும் ஒண்ணு அடிச்சிக் குடு.”

அடித்துக் கொடுத்தேன்: ‘ராத்திரி சோறு பரிசீலனையில் உள்ளது.’ மறுநாளே கூரையில் தார்ப்பாய் ஏறிவிட்டது.

அவருக்கு அறுபது முடிய சில மாதங்களே இருந்தபோது அந்த அறிக்கை வந்தது. ஒரே வரி. பெர்மனென்ட் ஆக்கும் உத்தேசம் இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தாளை அவரிடம் நீட்டினேன்.

“பரிசீலனையில இருக்காம், ஐயா.”

தலையாட்டிவிட்டுப் போய் டீக்கடை மேசையில் வைத்தார். திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்ப இருந்த செல்வம் என்ற கான்ட்ராக்ட் தொழிலாளி, அதைக் கேட்டு நம்பிப் பயணத்தையே ரத்து செய்துவிட்டார்.

மறுநாள் பார்லிமெண்ட் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏம்மா, பரிசீலனைன்னா ரெண்டு பாரா வரும். நேத்து ஒரு வரிதான இருந்திச்சி?”

நான் அழுதுவிட்டேன். “உங்க மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லிட்டேன், ஐயா.”

“எம் மனச வுடு. செல்வம் இத நம்பிக்கினு ஊர்லயே ஒக்காந்துட்டான். தப்பா வெச்சிட்டா மந்திரியே திருத்தம் வெக்கிறாரு. நாம வெக்கக் கூடாதா? நான் சொல்றேன், அடி.”

அவர் சொன்னார், நான் அடித்தேன். ‘நேற்று வைத்த அறிக்கை தவறு. பெர்மனென்ட் ஆக்கும் உத்தேசம் இல்லை. யாரும் அதை நம்பி வேறு வேலையை விட வேண்டாம்.’ கடைசி வரிக்கு வந்தபோது என் விரல் நின்றுவிட்டது. ‘கம்ப்யூட்டர் கடைப் பெண் சரியாகத்தான் சொன்னது. ஆசையில் நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன்.’

“ஐயா, தப்பு என்னுதுதான?”

“அடிம்மா. நாளைக்கும் நீ இங்க கடைய தொறக்கணும்.”

அன்று டீக்கடையில் அவருக்கு விழுந்த திட்டுக்கு அளவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்த எனக்கு வெளியே வரத் தைரியம் இல்லை. அந்த வாரமே செல்வம் திருப்பூர் போய்விட்டார். அறுபது முடிந்ததும் பார்லிமெண்ட் கான்ட்ராக்டாகவே வேலையிலிருந்து நின்றார்.

அந்தத் தாளின் நகல் என் பீரோவில் இருக்கிறது. அந்த மனிதர் வாழ்நாளில் எழுத்தில் வைத்த ஒரே பொய் அந்தக் கடைசி வரிதான். அதை எனக்காக வைத்தார்.