காது கேளாத மோடமும் பெங்குவின் அங்கிளும்

கேரி தீவில் செம்பனைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, தோளில் ஒரு பையுடன் பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். குலை சுமந்து முதுகு போய்விட்டது. குத்தகைக்காரர் வேறு சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். டெங்கில் பக்கம் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எப்படிப் போவது என்பதைப் பாலம் தாண்டி யோசிக்கலாம் என்று இருந்தபோது, பின்னாலிருந்து வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று பக்கத்தில் நின்றது. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் திருட்டு சிடி வாங்காத ஒரே மனிதரை நான் சந்தித்தது இப்படித்தான்.

"தம்பி, பிரிக்பீல்ட்ஸ் வரீங்களா?"

"இல்ல அங்கிள், நான் டெங்கில் போறேன்."

"டெங்கில் எங்கயும் ஓடிடாது லா. மானிட்டர பிடிக்க ஆள் இல்ல. ஏறுங்க."

தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ஒருவரிடம் பழைய கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். பெட்டியை முன்னால் கயிற்றால் கட்டிவிட்டார். டிவி மாதிரி முதுகு பெருத்த அந்தக் காலத்து மானிட்டர் பின்சீட்டில் அநாதையாக உட்கார்ந்திருந்தது. உபரி ஹெல்மெட்டை அதன் மேல் கவிழ்த்திருந்தார். "போலிஸ் பிடிச்சா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மனசே இல்லாமல் எடுத்து என் தலையில் வைத்தார்.

வழி நெடுக அவர் பேசினார், நான் மானிட்டரைச் சுமந்தேன். குலையே தேவலை என்று தோன்றிவிட்டது.

"உள்ளயே மோடம் இருக்கு தம்பி! உள்ளயே!" என்று முதல் பேரன் பிறந்த செய்திபோலக் கத்தினார்.

அப்போதெல்லாம் இண்டர்நெட் என்பது டெலிபோன் கம்பி வழியாகக் கீச்சிட்டுக்கொண்டு வரும் சமாச்சாரம். அதை வரவழைக்கும் கருவிதான் மோடம். சிலருக்குப் பெட்டிக்கு வெளியே இருக்கும், சிலருக்கு உள்ளே. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. நான் படித்தது ஆறாம் வகுப்பு வரை.

அவருடைய நிஜப் பெயர் பிரிக்பீல்ட்ஸில் யாருக்கும் தெரியாது. பெங்குவின் அங்கிள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கியவர். ஊரே பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு விண்டோஸ் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், "திருட்டுப் பொருள் என் கூரைக்குக் கீழ வராது" என்று லினக்ஸுக்குப் போனவர். லினக்ஸ் இனாம், யாரிடமும் திருட வேண்டியதில்லை. அதன் சின்னமான பெங்குவினை ஹெல்மெட்டில் ஒட்டியிருந்தார். பொய்யும் சொல்ல மாட்டார். யாராவது புதுச் சட்டையைக் காட்டி எப்படி என்று கேட்டால், "நல்லா இல்ல" என்பார். அதனால் அவருக்கு நண்பர்கள் குறைவு.

அந்தக் கூரையும் அவருடையது அல்ல. சரோஜா ஆன்டி அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்த வீடு அது. மானிட்டரோடு நான் உள்ளே நுழைந்ததும், ஆன்டி என்னைப் பார்க்காமல் அதைப் பார்த்துக் கேட்டார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள வேலை செய்யுமா?"

"முடிஞ்சமாதிரிதான் ஆன்டி. ஒரே ஒரு வேலைதான் பாக்கி" என்றார் பெங்குவின்.

விஷயம் இதுதான். ஆன்டியின் ஒரே மகள் மாலினி சட்டம் படிக்க மான்செஸ்டர் போனாள். பாதியில் சட்டத்தை விட்டுவிட்டு, அங்கே ஓர் உணவுக்கடையில் சமையல்காரியாகச் சேர்ந்துவிட்டாள். ஆன்டி நேரே கோயிலுக்குப் போய், "அவ வக்கீல் ஆகாம அவகூட போன்ல ஒரு வார்த்த பேச மாட்டேன்" என்று முருகன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார். மகள் ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். வாடகைக்கு இருப்பவர்களில் யாராவது எடுத்து, "ஆன்டி வெளிய போயிருக்காங்க" என்று சொல்ல வேண்டும். ஆன்டி பக்கத்திலேயே நின்று, இருமுகிறாளா, குரல் எப்படி இருக்கிறது என்று சைகையில் கேட்பார். போன வாரம் அவள் சொல்லிவிட்டாள்: "அம்மாகிட்ட சொல்லுங்க. வர்ற ஞாயிறுதான் கடைசி. அதுக்கப்புறம் கூப்பிட மாட்டேன்."

அன்றிலிருந்து ஆன்டி சரியாகச் சாப்பிடவில்லை. வழி கண்டுபிடித்தவர் பெங்குவின்தான்: சத்தியம் போனுக்குத்தானே? ஈமெயில் போன் இல்லையே! தெருமுனை சைபர் கஃபேயில் அனுப்பலாம். ஆனால் அந்தக் கடைக்காரன் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பவன். காலையில் அனுப்பினால் சாயங்காலம் தெரு முழுக்கத் தெரியும். எனவே வீட்டிலேயே, ஞாயிறுக்குள்.

"நீ டெங்கிலுக்குத் திங்கக்கிழமை போ" என்று ஆன்டி எனக்கும் ஒரு தட்டு சோறு வைத்தார். உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மோடத்துக்கு மூளை கிடையாது. இது பெங்குவினே சொன்னது. சொந்தமாக யோசிக்காது, விண்டோஸ் யோசித்துச் சொன்னால்தான் செய்யும். லினக்ஸைப் பார்த்தால், முன்பின் தெரியாத ஆளைப் பார்த்ததுபோல் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு புரோகிராம் வேண்டும். அது இண்டர்நெட்டில் இருக்கிறது. இண்டர்நெட்டுக்குப் போக மோடம் வேண்டும்.

"அப்ப எப்படி அங்கிள்?"

"நடந்துதான்" என்று ஒரு ஃப்ளாப்பியை என் கையில் கொடுத்தார்.

சைபர் கஃபேக்கும் வீட்டுக்கும் நடந்தேன். முதல் ஃப்ளாப்பியில் வந்தது வேறு மோடத்துக்கானதாம். இரண்டாவதில் வந்தது சரியானது, ஆனால் லினக்ஸின் வேறு பதிப்புக்காம். மூன்றாவதில் எல்லாம் சரியாக வந்தது. மேசையில் வைத்துவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் ஃப்ளாப்பியைக் காணோம்.

"பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார் ஆன்டி. குளிர்ப்பெட்டிக் கதவில், கேஸ்காரன் கொடுத்த காந்தத்தால் ஒட்டிவைத்திருந்தார்.

காந்தம் பட்டால் ஃப்ளாப்பியில் உள்ளது அழிந்துபோகும் என்பதைப் பெங்குவின் என்னை வெளியே இழுத்துப்போய் விளக்கினார். ஆன்டியிடம் மட்டும், "ரொம்ப பத்திரமாதான் இருக்கு ஆன்டி, யாராலயும் எடுக்க முடியாது" என்றார். பொய் இல்லை, கவனித்தீர்களா? நான் மறுபடி நடந்தேன்.

சனிக்கிழமை மோடம் கண் விழித்தது. ஆனால் டயல் செய்ய மறுத்தது. டெலிபோனில் 'ர்ர்ர்' என்று ஓர் ஒலி வருமே, அது கேட்டால்தான் டயல் செய்வேன் என்று அடம். ஒலி எங்களுக்கெல்லாம் நன்றாகக் கேட்டது. மோடம் எந்த நாட்டில் பிறந்ததோ, நம் ஊர் ஒலி அதன் காதில் ஏறவில்லை.

"உனக்கு என்ன அவ்வளவு திமிரு?" என்று பெட்டியின் மூடியைத் திறந்து அதன் முகத்தைப் பார்த்தே கேட்டார். பிறகு கஃபேயில் யாரோ எழுதிவைத்திருந்ததைப் படித்துவிட்டு ஓடிவந்து ஒரு கட்டளையைத் தட்டினார். அதன் அர்த்தம்: காது கொடுக்காதே, கண்ணை மூடிக்கொண்டு டயல் செய்.

செய்தது. இண்டர்நெட் கம்பெனிப் பக்கம் எப்போதும் ஆள் நிறைந்திருந்ததால் இணைப்புக் கிடைக்கவில்லை. "பரவால்ல, விடாம தானே கூப்பிடட்டும்" என்று ஏற்பாடு செய்துவிட்டு, "முடிஞ்சமாதிரிதான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அது ஒரு முறை கூப்பிட்டு ஓய்ந்து, மறுமுறை கூப்பிடுவதற்குள் டெலிபோன் மணி அடித்தது. ஆன்டி சமையலறைக் கதவருகே சிலையானார். நான் நடைவழிக்குப் போய் எடுத்தேன்.

"ஹலோ, மாலினி பேசறேன். அம்மா இருக்காங்களா?"

வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கூடத்தில் மோடம் முழித்துக்கொண்டது. யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்களே என்று அதற்கு எப்படித் தெரியும்? அதுதான் காதை மூடச் சொல்லியாயிற்றே. டுட் டுட் டுட் என்று எங்கள் பேச்சுக்கு நடுவிலேயே டயல் செய்தது. மோடத்தில் ஒரு குட்டி ஸ்பீக்கர் உண்டு. கம்பியில் போவதெல்லாம் அதில் கேட்கும். கூடத்திலிருந்த பெட்டிக்குள்ளிருந்து, தகரத்தில் அடைத்த குரல் ஒன்று வந்தது:

"ஹலோ? யாரு பட்டன அழுத்தறது?"

"வந்திருச்சு!" என்று நாற்காலியிலிருந்து குதித்தார் பெங்குவின். "ஆன்டி! மான்செஸ்டர் வந்திருச்சு!"

ஆன்டி கையில் கரண்டியோடு கூடத்துக்கு ஓடிவந்தார். பெட்டி பேசிக்கொண்டிருந்தது. "அண்ணே, அம்மா பக்கத்துலதான் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். பேச வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. நேத்து ராத்திரி கடையில ரசம் வெச்சேன். எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. ஆனா அம்மா வெக்கிற மாதிரி வரல. அவ்வளவுதான்…"

ஆன்டி குனிந்தார். பெட்டியின் பக்கத்துத் துளைகளில் வாயை வைத்து, உலகத்துக்கே கேட்கும்படி கத்தினார்: "கறிவேப்பிலைய எப்படி போட்ட? கிள்ளிப் போட்டியா, கசக்கிப் போட்டியா?"

பெட்டிக்குக் கேட்கும் வசதி கிடையாது. நான் ரிசீவரை, ஒயர் எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீட்டி, கூடத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தேன்.

"…கிள்ளி" என்றது பெட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அதான்! கசக்கிப் போடணும்! ஒரு ரசம் வெக்கத் தெரியல, இதுல சமையல்காரியாம்!"

அப்போதுதான் பெங்குவின் திரும்பி நடைவழியைப் பார்த்தார். கையை நீட்டிக்கொண்டு நான் நிற்பதையும் ரிசீவரையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. முகம் ஒரு கணம் தொங்கிப்போனது. இணைப்பு கிடைக்காத மோடம் படக்கென்று வாயை மூடிக்கொள்ள, பெட்டி ஊமையானது.

"ஐயோ, போயிட்டா! கூப்பிடு, திரும்ப கூப்பிடு!" என்று ஆன்டி அவர் தோளை உலுக்கினார். உலுக்கிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. "ஏன் பெங்குவின், இது போன் இல்லதானே?"

சட்டை நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் மனிதர். திருட்டு சிடிக்கு அஞ்சி, மூளையில்லாத மோடத்தோடு நாள் கணக்கில் மல்லுக்கட்டியவர். ஆன்டியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இல்ல ஆன்டி. இது லினக்ஸ்."

மறுபடி கட்டளையைத் தட்டினார். டுட் டுட் டுட். மகள் திரும்பி வந்தாள். மோடம் வாயை மூடும்போதெல்லாம் அவர் தட்டினார். மரத்துப்போகும்போதெல்லாம் நான் கையை மாற்றினேன். சாம்பார் வரைக்கும் பேசி முடித்துவிட்டு, "அடுத்த ஞாயிறு பூண்டு ரசம் கேக்கறேன்" என்றாள் மாலினி. அந்த மோடம் எனக்குத் தெரிந்து கடைசிவரை இண்டர்நெட்டுக்குப் போகவே இல்லை.

மறுநாள் காலை பையைத் தூக்கினேன். பெங்குவின் என்னை டெங்கில் பஸ்ஸுக்கு ஏற்றிவிடுவதாகச் சொல்லி மோட்டாரில் உட்காரவைத்து, சாலாக் செலாத்தானில் தரை ஓடு விற்கும் ஒரு கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். லோரியிலிருந்து பெட்டி இறக்கும் வேலை. சம்பளம் என்ன, சாப்பாடு உண்டா, தங்க இடம் உண்டா என்று எதையும் அவர் முதலாளியிடம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பாஸ், தம்பிக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டுதானே?"

உண்டு என்றார் முதலாளி. அந்த வேலையில் சேர்ந்தேன்.